ஜீப்புக்கு ஒரு கல்

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சுதான். டிரைவர் ஈஸ்வரபாண்டியின் மனைவி அனுசுயா, ஞாயிற்றுக்கிழமை தேனியில் நடக்கும் போட்டியில் ஜீப் இழுக்கப் போகிறாள்.

“அண்ணே, இனிமே டீசல் செலவே இல்ல. மதினிய முன்னால இழுக்கச் சொல்லிட்டு நீங்க ஜம்முனு குமுளிக்குப் போயிரலாம்,” என்றார் சுருளிராஜன். அவரும் ஜீப் டிரைவர்தான். கேலி பண்ண ஆள் கிடைத்தால் சாப்பாட்டையே மறந்துவிடுவார்.

ஈஸ்வரபாண்டி சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் நின்றார். பள்ளிவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மகள் சிம்ரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“எங்கம்மா தூக்குற மணல் மூட்டைய நீங்க ஒரு தடவ தூக்கிக் காட்டுங்க சித்தப்பா. அப்புறம் பேசுவோம்.”

“நான் எதுக்கு ஆத்தா தூக்கணும்? எனக்கு இருக்கிறதே ஒரு இடுப்பு,” என்று நழுவினார் சுருளிராஜன்.

இடுப்பில்தான் எல்லாமே தொடங்கியது. அனுசுயாவுக்கு இ-சேவை மையத்தில் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் ஆதார், ரேஷன் கார்டு, பட்டா என்று பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. இடுப்பு வலித்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. உடம்பை அசைக்காமல் இருந்தால் இப்படித்தான் என்று டாக்டர் திட்டி அனுப்பினார்.

அதன் பிறகுதான் அனுசுயா கம்பத்தில் ஜெபஷீலா அக்கா நடத்தும் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தாள். அது முன்பு திராட்சைப் பெட்டிகள் அடுக்கும் குடோனாக இருந்தது. இப்போது அங்கே லாரி டயரைப் புரட்ட வேண்டும், மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பெட்டிமேல் தாவ வேண்டும், கயிற்றில் ஏற வேண்டும். ஒன்றை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது தயாராக நிற்கும்.

முதல் நாள் வீட்டுக்கு வந்த அம்மாவால் கையைத் தூக்கிச் சாப்பிடக்கூட முடியவில்லை. சிம்ரன்தான் ஊட்டிவிட்டாள். ஆனால் சில மாதத்தில் அதே அம்மா, “மாடித் தண்ணித் தொட்டி வரைக்கும் யாரு மொதல்ல ஏறுறதுன்னு பாப்பமா?” என்று கேட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி ஜெயித்துவிட்டாள். தோற்றதற்காகச் சிம்ரன் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஜீப்தான் அனுசுயாவை மிரட்டியது. பழகிப் பார்த்தபோது கொஞ்ச தூரம் வந்து, அப்புறம் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. சனிக்கிழமை தோசை சுட்டுக்கொண்டே அவள் சொன்னாள்.

“நாளைக்கு வண்டி கோட்டத் தாண்டலேன்னா நான் இத்தோட நிறுத்திக்கிறேன் சிம்ரன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு ஊரே கேக்குது. உங்கப்பாவையும் ஸ்டாண்டுல படுத்துறாக. அவுக சொல்றதுதான் சரின்னு ஆயிரும்.”

சிம்ரனுக்குத் தோசை இறங்கவில்லை. மாடிப்படியில் தன்னோடு ஓடும் இந்த அம்மா மறுபடி நாற்காலிக்கே போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

போட்டிக்கு இழுக்க ஈஸ்வரபாண்டியின் ஜீப்பையே கேட்டிருந்தார்கள். இந்த இடத்தில் அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மலைரோட்டில் ஓட்டுகிறவர்கள் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பார்கள். ஸ்டாண்டில் ஜீப் எப்போதும் இறக்கத்தைப் பார்த்து நிற்கும், அதனால் முன்சக்கரத்துக்கு முன்னால் கல். ஈஸ்வரபாண்டி இதற்கென்றே சீட்டுக்கு அடியில் ஒரு கருங்கல் வைத்திருந்தார். சமதரையில் நிறுத்தினாலும் கை தானாகக் கல்லைத் தேடும். ஒருமுறை சிம்ரனின் சைக்கிளுக்கே கல் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தேனி மைதானத்தில் நல்ல கூட்டம். ஜீப் ஸ்டாண்டே கிளம்பி வந்திருந்தது. தோளில் பட்டையை மாட்டி, கயிற்றால் ஜீப்பை இழுத்து, விசில் ஊதுவதற்குள் வெள்ளைக் கோட்டைத் தாண்ட வேண்டும். “வேற யாரு வண்டியத் தொட்டாலும் இழுக்குறவுக முறை செல்லாது,” என்று நடுவர் மைக்கில் சொன்னார்.

ஒவ்வொருவரும் இழுத்து முடித்ததும் ஈஸ்வரபாண்டி ஜீப்பைப் பின்னால் கொண்டுவந்து, நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கினார். ஒழுங்காகத்தான் செய்தார். கடைசியில் அனுசுயாவின் பெயரைக் கூப்பிட்டதும் அவருக்குப் படபடப்பு வந்துவிட்டது. நிறுத்தினார், இறங்கினார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து கூட்டத்தில் நின்றார்.

அனுசுயா குனிந்து இழுத்தாள். ஜீப் லேசாக அசைந்து மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. இன்னொரு முறை இழுத்தாள். அதே கதைதான்.

“என்ன மதினி, வண்டி கோவிச்சுக்கிருச்சா?” என்று சுருளிராஜன் குரல் கொடுத்தார். நாலு பேர் சிரித்தார்கள்.

சிம்ரன் கூட்டம் இல்லாத மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்தது. முன்சக்கரத்துக்கு முன்னால் அப்பாவின் கருங்கல்.

“அப்பா, கல்லு” என்று கத்த வாய் திறந்தவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தினால் அப்பா யோசிக்கவே மாட்டார், பாய்ந்துபோய்க் கல்லை எடுப்பார். கை வண்டியில் படும். அம்மாவின் முறை செல்லாமல் போகும்.

போன மழையில் வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் ஜீப் சேற்றில் மாட்டியது சிம்ரனுக்கு நினைவு வந்தது. ஒரே தள்ளாகத் தள்ளியபோது வரவில்லை. பின்னால் விட்டு, முன்னால் தள்ளி, ஊஞ்சல் மாதிரி ஆட்டியதும் ஏறி வந்தது. அன்று அம்மாவும் முழங்கால் சேற்றில் நின்று தள்ளினாள்.

சிம்ரன் மைதானத்து எல்லைக் கயிற்றுக்கு வெளியிலேயே முன்னால் ஓடினாள். அம்மாவின் முகம் தெரிகிற இடத்தில் நின்று அடித்தொண்டையில் கத்தினாள்.

“அம்மா, வண்டன்மேட்டுச் சேறும்மா. விட்டு இழு.”

அனுசுயா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கயிற்றைத் தளரவிட்டாள். ஜீப் பின்னால் உருண்டது. உடனே இழுத்தாள். மறுபடி விட்டாள், இழுத்தாள். ஜீப் ஆடத் தொடங்கியது.

“விட்டு இழு... ஐலசா,” என்று சிம்ரன் பாடினாள். முதலில் அவள் குரல் மட்டும் கேட்டது. பிறகு ஜெபஷீலா அக்கா சேர்ந்தார். சேற்றில் வண்டி தள்ளியே பழகிய டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? அத்தனை பேரும் ஐலசா போட்டார்கள். சுருளிராஜனின் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

அனுசுயா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தாள். சக்கரம் கல்மேல் ஏறியது, ஒரு கணம் நின்றது, தொம்மென்று அந்தப் பக்கம் இறங்கியது. பின்சக்கரமும் அந்த வேகத்திலேயே கல்லைத் தாண்டிக் குதித்து வந்தது. அப்புறம் யாரால் நிறுத்த முடியும்? ஜீப் கோட்டைத் தாண்டியது. பிறகுதான் விசில் ஊதியது.

சிம்ரன் பாய்ந்துபோய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

நடுவர் மட்டும் தரையில் பாதி புதைந்திருந்த கல்லைப் பார்த்துவிட்டார். “யாருங்க இதை இங்கன வச்சது?”

ஈஸ்வரபாண்டியின் முகம் வெளிறிப் போனது. மெதுவாகக் கையைத் தூக்கினார். “நான்தாங்க. பழக்கதோசம்.”

“அது உங்க தப்பில்லம்மா. கல் இல்லாம இன்னொரு தடவ இழுங்க, நேரம் கொறையும்,” என்றார் நடுவர்.

அனுசுயா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “கல்லோடயே இழுத்தாச்சு. இனி எதுக்குங்க?”

மைதானமே கைதட்டியது. நேரக் கணக்கில் அவளுக்கு மூன்றாம் பரிசுதான். ஆனால் முதல் பரிசு யாருக்கு என்று ஜீப் ஸ்டாண்டில் ஒருவருக்கும் தெரியாது. “எங்க மதினி கல்லு மேலயே வண்டிய ஏத்துனாக,” என்று சுருளிராஜன் வருகிற பயணிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கருங்கல்லைச் சிம்ரன் கழுவித் துடைத்து, டிவிக்குப் பக்கத்தில் பதக்கத்தோடு வைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அனுசுயா பயிற்சிக்குப் பஸ் ஏறக் கிளம்பினாள். “பஸ்சு எதுக்கு? ஏறு, நான் கொண்டுபோயி விடுறேன்,” என்றார் ஈஸ்வரபாண்டி. சிம்ரனும் ஏறிக்கொண்டாள்.

கம்பத்தில் குடோன் வாசலில் ஜீப் நின்றது. ஈஸ்வரபாண்டி இறங்கி, சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

“கல்லு வீட்டுல இருக்குப்பா,” என்றாள் சிம்ரன்.

“அய்யய்யே, இப்ப வண்டிய எப்படி விட்டுட்டு வர்றது?”

அனுசுயா ஒரு கையால் ஜீப்பைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க. வண்டிய நான் புடிச்சுக்கிறேன்.”