நானூற்று ஒன்றாம் பக்கம்

"ஐயோ... முதலாளி!"

முத்துத்தாயின் அலறல் தெற்கு மாசி வீதி முனை வரைக்கும் கேட்டது.

துடைப்பம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

அச்சுக்கூடத்து மேஜையடியில் முதலாளி பத்ரிநாத் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்! பக்கத்தில் கலிக்கோ பைண்டு போட்ட தடிப் புத்தகம் ஒன்று விரிந்தபடி கிடந்தது. அதன் மூலையிலும் ரத்தம்.

'நஞ்சுண்ட நாற்காலி'... நாலாம் பாகம்!

1938, ஆவணி மாதம். காலை மணி ஒன்பது.

ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் ஆண்டிச்சாமி வந்து இறங்கினார். கூடவே ஹெட் கான்ஸ்டபிள் சோலை.

"உயிர் இருக்காய்யா?"

"இருக்குங்கய்யா. மூச்சு வருது... பேச்சுத்தான் வரலை."

"ஜட்கா பிடி. ஆஸ்பத்திரிக்கு நீயே கூடப் போ. கண்ணு முழிச்சதும் எவன் அடிச்சான்னு கேளு."

"நானாங்கய்யா?"

"பின்ன கவர்னரா போவாரு?"

சோலை பத்ரிநாத்தின் தோளைப் பிடித்துத் தூக்கினார். ஆண்டிச்சாமிக்குத் திடீரென்று ஒரு ஞாபகம்.

"ஏய்யா, இந்த நாவல்ல ராஜத்துரோகம் இருக்கான்னு படிச்சு ரிப்போர்ட் எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்துச்சே... முடிச்சிட்டியா?"

"இன்னும் ரெண்டாம் பாகத்துல நிக்கிறேங்கய்யா. பக்கத்தைத் திருப்பினாலே கொட்டாவி வருது."

"மூணு மாசமாவா!"

"அம்புட்டு நீளங்கய்யா..."

ஜட்கா கிளம்பியது.

நீளம்தான்! நாலு பாகம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பக்கம். முதல் பக்கத்திலேயே ஒரு சமஸ்தானத்துத் திவான் நஞ்சு குடித்து நாற்காலியோடு சாய்ந்துவிடுவார். அப்புறம் மந்திரிகள், சதிகள், சுரங்க வழிகள், தேர்தல்கள்... சந்தேகத்துக்கு ஆளான பெரிய மனிதர்கள் மட்டும் நாற்பது பேர்! நஞ்சு வைத்தவன் யார் என்பது நாலாம் பாகத்துக் கடைசியில்தான் வரும்.

இந்த நாவலால் மதுரை இரண்டாக உடைந்து கிடந்தது. ஒரு எழுத்தைத் தொட்டாலும் பாவம் என்றது ஒரு கட்சி. பாதியை வெட்டி வைகையில் போடு என்றது இன்னொரு கட்சி. வாசகசாலையில் போன வாரம்கூட அங்கவஸ்திரம் ஒன்று கிழிந்திருக்கிறது. கிழித்தவர் ஒரு வக்கீல்!

மேஜை மேல் இரண்டு மொட்டைக் கடிதங்கள் இருந்தன. ஆண்டிச்சாமி பிரித்தார்.

'ஐந்தாம் பாகம் வராவிட்டால் உம் கையை ஒடிப்போம்!'

'ஐந்தாம் பாகம் வந்தால் உம் காலை ஒடிப்போம்!'

"தலையைப் பத்தி ரெண்டு பேருமே எழுதலையே..." என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே கிடந்த புத்தகத்தை எடுத்தார். அவர் ஆயுசில் கையில் எடுத்த முதல் நாவல் அதுதான்.

விரிந்திருந்த பக்கம் 400. மூலை மடிக்கப்பட்டிருந்தது.

எதிர்ப் பக்கத்தைப் பார்த்தார்.

385!

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். 385, 386 என்று போய் மறுபடியும் 400 வந்தது. அதற்கு அடுத்தது 417. நடுவில் பதினாறு பக்கங்களைக் காணோம்! அலமாரியிலிருந்து இன்னொரு பிரதியை உருவினார். அதிலும் அப்படியே. இன்னொன்று... அதிலும் அப்படியே!

"ஏம்மா, இங்க வா. இது என்ன கூத்து?"

முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு முதலாளி சத்தியம் வாங்கியிருக்காகய்யா..."

"ஸ்டேஷன்ல வந்து சொல்றியா?"

"சொல்லிப்புடுறேன்! பதினாறு பக்கம் சேந்தது ஒரு பாரம்யா. ஒரு பாரத்தை அடிச்சு முடிச்சுட்டு, அந்த எழுத்தைக் கலைச்சு அடுத்த பாரத்துக்குக் கோப்பாக. சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குனதுக்கு முந்தின நாளு... எல்லாருக்கும் ஆத்துக்குப் போற அவசரம். மெஷின் ஓட்டுற பேயாண்டிண்ணன், அடிச்ச பாரத்தையே இன்னொரு தடவை அடிச்சுப்புட்டு ஓடிட்டாரு. பைண்டு பண்ணினவுகளும் பாக்கலை."

"முதலாளி கவனிக்கலையா?"

"கவனிச்சாக. தலையில அடிச்சுக்கிட்டாக. அப்புறம், 'போகுது விடு, நாலாம் பாகம் வரைக்கும் எவன் படிக்கப் போறான்'னு சொல்லிட்டாக."

ஆண்டிச்சாமி மீசையைத் தடவினார். சங்கதி புரிந்துவிட்டது! யாரோ இந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டிச் சண்டை போட்டிருக்கிறான். அந்த ஆத்திரத்தில்தான் அடித்திருக்கிறான். அச்சுக்கூடத்துக்கு வெளியே பக்கம் போனது எவனுக்குத் தெரியுமோ, அவன்தான் ஆள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

"முதலாளி இருக்காகளா? ஐந்தாம் பாகம் விஷயமா..."

ஒல்லி உடம்பு, கசங்கின கதர்ச் சட்டை, கக்கத்தில் ஒரு கட்டு காகிதம். முப்பது வயசு இருக்கும்.

"நீ யாருய்யா?"

"காசிமாயனுங்க. இந்த நாவலை எழுதினவன். ஊரு உசிலம்பட்டிப் பக்கம்."

உசிலம்பட்டி என்றதும் இன்ஸ்பெக்டரின் கை தானாக விலங்கைத் தேடியது!

"ராதாரிச் சீட்டு எங்க?"

காசிமாயன் பழகின கையால் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். ஊரை விட்டு வெளியே போகப் போலீஸ் கொடுக்கும் அனுமதிச் சீட்டு அது. பிறந்ததையே குற்றம் என்று எழுதிவைத்த சட்டம் நடந்துகொண்டிருந்த காலம்! ஆயிரத்துத் தொள்ளாயிரம் பக்கம் எழுதிய கையை, போலீஸ் ரிஜிஸ்தரில் ரேகை உருட்டத்தான் கேட்டார்கள். கேவலம், வேறென்ன சொல்ல?

"முதல் பஸ் ஏழரைக்கே வந்துடும். மணி இப்ப பத்து. இம்புட்டு நேரம் எங்க இருந்தே?"

"புதுமண்டபத்துப் புத்தகக் கடையில நின்னேங்கய்யா. யாராச்சும் நம்ம நாவலை வாங்குறாகளான்னு பாக்க..."

"வாங்கினாங்களா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப சாட்சியும் இல்லை!"

ஆண்டிச்சாமி புத்தகத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "நானூத்தி ஒண்ணாம் பக்கத்துல என்ன வருது?"

காசிமாயன் முகம் மலர்ந்தது. பாவம், இன்ஸ்பெக்டர் ரசிகர் என்று நினைத்துவிட்டான்!

"நஞ்சு வச்சவன் பிடிபடுற இடம்ங்க! அதுக்காகத்தான் நாலு பாகமும்..."

"காட்டு."

வாங்கிப் புரட்டினான். நின்றான். மறுபடி புரட்டினான்.

அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"நீ இதுக்கு முந்தி பாத்ததே இல்லையா?"

"இல்லைங்கய்யா... சத்தியமா! நான் எழுதினதை நானே எதுக்குப் படிக்கணும்?"

"நடிக்காதே! பக்கம் போனதுக்காக அடிக்கிற அளவுக்கு எவனுக்குய்யா கோபம் வரும்? பெத்தவனுக்குத்தான் வரும். நீட்டு கையை!"

க்ளிக்!

விலங்கு விழுந்துவிட்டது. ஏழு வருஷமாவது உள்ளே... பத்ரிநாத் பிழைக்காவிட்டால் கயிறு!

"ஐயா, ஒரே ஒரு உபகாரம்! வாசகசாலைக்கு வாங்க. ரெண்டு கட்சி இருக்கு... ஊருபூரா படிச்சிருக்கு. பதினாறு பக்கம் காணலைங்கிறது அவுக கண்ணுல படாமலா போயிருக்கும்? எனக்கு முந்தியே தெரிஞ்ச ஆளு அங்கதான் இருக்கணும். கேட்டுப் பாத்துட்டு அப்புறம் இழுத்துட்டுப் போங்க!"

நியாயமாகத்தான் பட்டது. ஆண்டிச்சாமி அவனை நடத்திக் கூட்டிப்போனார்.

வாசகசாலை நிரம்பி வழிந்தது. செய்தி அதற்குள் பறந்துவிட்டது. பெஞ்சின் இந்தப் பக்கம் நீளக் கட்சித் தலைவர் வக்கீல் வேதமூர்த்தி. அந்தப் பக்கம் வெட்டுக் கட்சித் தலைவர், சுங்குடிச் சேலை வியாபாரி நாகசுப்பிரமணியன். இரண்டு பேர் மடியிலும் நாலாம் பாகம் இருந்தது.

"வக்கீலய்யா, நாவலை முழுசாப் படிச்சாச்சா?"

"என்ன கேள்வி இது! மூணு தடவை! ஒரு வரி விடலை."

"நீங்க?"

"படிக்காம திட்டுவேனா இன்ஸ்பெக்டர்?" என்றார் நாகசுப்பிரமணியன். "நானும் முழுக்கப் படிச்சேன். முழுக்க வீண்!"

காசிமாயன் முகத்தில் உயிர் வந்தது. மூன்று தடவை!

"நானூத்தி ஒண்ணாம் பக்கத்திலிருந்து நானூத்திப் பதினாறு வரைக்கும் எப்படி?" என்றார் ஆண்டிச்சாமி, புத்தகங்களைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு.

வேதமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆகா... அந்தப் பதினாறு பக்கம்! அரண்மனை மேல நிலா எழும்புற வர்ணனை. படிச்சுட்டு அன்னிக்கு நான் சாப்பிடலை!"

"பதினாறு பக்கத்துக்கு ஒரு நிலாவா?" நாகசுப்பிரமணியன் துள்ளினார். "ரெண்டு வரியில முடிக்க வேண்டியது! அங்கதான் எனக்குப் பொறுமையே போச்சு!"

"உமக்கு ரசனை கிடையாது!"

"உமக்கு வேலை கிடையாது!"

காசிமாயன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். இல்லாத பக்கத்தில் இல்லாத நிலா! அதற்கு இரண்டு அபிப்பிராயம் வேறே!

"ஐயா... அந்த இடத்துல நிலாவே வரலைங்கய்யா..." விலங்குக் கையால் கண்ணைத் துடைத்தான். "எல்லாரும் படிச்சாகன்னு நம்பிட்டேன். ரேகை வச்சவுகளை ஸ்டேஷன் வாசல்ல படுக்கச் சொல்லுவாகளே, அந்த ராத்திரிகள்லதான் எழுதினேன்... நாலு வருஷம்! ஒருத்தர்கூட முழுசாப் படிக்கலை."

ஜெயிலை விட அதுதான் அவனுக்கு வலித்தது.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து சோலை வந்து சேர்ந்தார்.

"கண்ணு முழிச்சுட்டாருங்கய்யா. பிழைச்சுக்குவாரு."

"எவன் அடிச்சானாம்?"

"தெரியலைங்கிறாருங்கய்யா. பின்னாடியிருந்து அடி விழுந்துச்சாம்."

"முடிஞ்சுது! பக்கம் போனது இங்க ஒருத்தருக்கும் தெரி..." என்று ஆரம்பித்த ஆண்டிச்சாமியின் குரல் கட்சிச் சண்டையில் அமுங்கிப் போனது. காசிமாயனின் தோளைப் பிடித்து இழுத்தார். "வா, போகலாம்!"

வேதமூர்த்தி பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார்.

"நானூத்தி ஒண்ணாம் பக்கத்து நிலாவைக் குறை சொல்றவன் மனுஷனே இல்லை!"

"அந்த நிலாவை ரசிக்கிறவனுக்கு மூளையே இல்லை!"

"நிறுத்துங்கய்யா!"

சுவர் அதிர்ந்தது. கத்தியவர் சோலை! கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"வாய் கூசலை உங்களுக்கு? என்னய்யா நிலா? எந்த நிலா? அந்தப் பக்கமே கிடையாதுய்யா! நானூறுக்கு அப்புறம் மறுபடி முன்னூத்தி எம்பத்தஞ்சு வரும்! திவானோட மச்சினன் கிண்ணத்தைக் கையில எடுக்கிறதோட அறுந்து போகும்! படிச்சவனுக்குத்தான்யா அந்த வேதனை தெரியும்!"

வேதமூர்த்தி பெஞ்சிலிருந்து இறங்கினார்.

ஆண்டிச்சாமி மெல்லத் திரும்பினார்.

"ஏன் சோலை... நீ ரெண்டாம் பாகத்துலதானே நிக்கிறே?"

சோலை தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"முடிச்சுட்டேங்கய்யா. உத்தரவுக்குத்தான் எடுத்தேன். அப்புறம் கீழ வைக்க முடியலை. சோறு தண்ணி மறந்து படிச்சேன்... நேத்துத்தான் நானூறாம் பக்கம் வந்துச்சு. நானூத்திப் பதினேழுலேருந்து கடைசி வரைக்கும் புரட்டிட்டேன், 'அந்தப் பாவி'ன்னுதான் இருக்கு, பேரே இல்லை. நஞ்சு வச்சது எவன்னு தெரியாம கண்ணை மூட முடியலைங்கய்யா! காலையில எட்டு மணிக்குப் போய், 'அடுத்த பக்கம் எங்க முதலாளி'ன்னு கேட்டேன். சிரிச்சாரு. 'ஊருலயே நீ ஒருத்தன்தான்யா கண்டுபிடிச்சே'ன்னாரு. 'சரி, வாயிலயாச்சும் சொல்லுங்க, எவன் வச்சது?'ன்னேன். 'யாருக்குத் தெரியும், நானே படிக்கலை'ன்னுட்டுத் திரும்பிக்கிட்டாரு..."

"அடிச்சுட்டே!"

"கையில இருந்தது அந்தப் புத்தகந்தானுங்கய்யா."

"பத்ரிநாத் உன்னைப் பாத்திருக்காரே! ஏன்யா தெரியலைன்னாரு?"

"நான்தான் ஆஸ்பத்திரியில காலைப் பிடிச்சேன். அவரு என் வாயைப் பொத்திட்டாரு. 'நான் உன்னைச் சொல்லலை, நீ பக்கத்தைச் சொல்லாதே. ஊருக்குத் தெரிஞ்சா வித்த புத்தகமெல்லாம் திரும்பி வந்துடும்'னாரு. நானும் சத்தியம் பண்ணினேன். பேசாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன்... ஆனா இந்த நிலாவைக் கேட்டுக்கிட்டு எப்படிங்கய்யா சும்மா இருக்கிறது?"

க்ளிக்! விலங்கு ஒரு கையை விட்டு இன்னொரு கைக்கு மாறியது. வக்கீலும் வியாபாரியும் முதல் தடவையாக ஒரே வாசல் வழியாக, ஒற்றுமையாக நழுவப் பார்த்தார்கள்.

காசிமாயன் ஓடிப்போய்ச் சோலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"ஐயா, இவரை விட்டுடுங்கய்யா! எனக்கு இருக்குறதே ஒரு வாசகரு. அவரையும் உள்ள தூக்கிப் போட்டா நான் யாருக்குய்யா எழுதுறது?"

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லு."

"அண்ணே..." சோலை கெஞ்சினார். "எத்தனை வருஷமானாலும் இருந்துட்டு வாரேன். எவன் வச்சான்னு மட்டும் சொல்லிப்புடுங்கண்ணே!"

காசிமாயன் அவர் காதருகே குனிந்தான். ஒரே ஒரு பெயர்.

சோலையின் கண்கள் விரிந்தன.

"அட... அவனா! நான் ஒரு தடவைகூட நினைக்கலையேண்ணே!"

மூன்று மாதமாகத் தூங்காத அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! மாமனார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி ஸ்டேஷனைப் பார்த்து முன்னால் நடந்தார்.

ஆண்டிச்சாமிக்கு நடை ஓடவில்லை. பத்தடி போனவர் நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார். மெதுவாகக் காசிமாயனிடம் திரும்பி வந்து தொண்டையைச் செருமினார்.

"கேஸ் விசாரணைக்காகத்தான் கேக்குறேன்... அது எவன்யா?"

காசிமாயன் விலங்கு பதிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

"மொதப் பாகத்துலேருந்து வாங்கய்யா!"