கதிரவனின் தாகம்

கதிரவன் இன்னொரு செம்புத் தண்ணீரையும் மடக் மடக்கென்று குடித்து முடித்தான். அக்கா கீர்த்திகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அவள் லேசில் விடமாட்டாள். போன வருஷம் அவளும் இப்படித்தான் தண்ணீராகக் குடித்தாள். ஆளும் இளைத்துப்போனாள். அப்புறம்தான் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி.

“ஏலே, ஒன்னுக்கும் அடிக்கடி போறியா?”

“அதையெல்லாமா கேப்ப? ஆமா, போறேன்.”

சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனில் அம்மா பாண்டிச்செல்வி வந்து இறங்கினாள். கீர்த்திகா விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“எங்கண்ணனுக்கு இருந்துச்சு. ஒனக்கு வந்துச்சு. இப்ப இவனுக்குமா?”

“என்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சோ?” என்று பதறினாள் கீர்த்திகா. உடனே அவளே தலையை ஆட்டினாள். “இல்ல, இது ஒட்டாதுன்னு ஆஸ்பத்திரி ஜெயக்கொடி நர்ஸம்மா சொன்னாக. ஒரே குடும்பத்துல இருந்தா மத்தவுகளவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாம். ஆனா வந்தே தீரும்னு இல்லியாம். என் சுகர் மிஷின்ல பாத்துருவோம்மா.”

“வேணாம் தாயி. எனக்குப் பயமா இருக்கு.”

“பாக்காம இருந்தா பயம் போயிருமா?”

அம்மா கதிரவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். கீர்த்திகா அவன் கையைக் கழுவித் துடைத்தாள். விரலில் குத்தும் பேனாவில் புது ஊசியை மாட்டினாள்.

“எறும்பு கடிச்ச மாதிரிதாம்லே இருக்கும்.”

சுருக்கென்று குத்தியது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அதை மிஷினில் செருகிய பட்டையில் தொட்டாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“தொண்ணூத்தெட்டு. நல்லாத்தாம்மா இருக்கான்.”

அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எதுக்கும் நாளைக்கு நர்ஸம்மாட்டயும் காட்டிருவோம்” என்றாள்.

ஆனால் கீர்த்திகா விடுவாளா?

“அப்ப எதுக்குலே இம்புட்டுத் தண்ணி?”

கதிரவன் திருதிருவென்று விழித்தான். பிறகு புத்தகப்பையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். காரச்சேவு. முக்கால்வாசி காலி.

“சாத்தூர் அத்தை தந்தாக. நீ பாத்தா ஏங்குவியேன்னு ஒளிச்சு வெச்சுத் தின்னேன். உறப்பு தாங்கல.”

கீர்த்திகாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இதனால்தான் இந்த வீட்டில் யாருமே பலகாரத்தைத் தொடுவதில்லையா?

“கூறுகெட்டவனே, நானும் தின்னலாம்லே. அளவு பாத்து, அதுக்குத் தக்கன ஊசி போட்டுக்கிடணும். அம்புட்டுத்தான்.”

கதிரவன் மிச்சத்தை அப்படியே அக்கா கையில் கொட்டினான்.

“இதைச் சொல்றதுக்கு ஒனக்கு ஒரு வருஷமாக்கா?” என்றான்.