சுழிக்குக் கீழே பதினான்கு

ஆவுடையப்பன் ஆள்காட்டி விரலை ஏக்கமானிக்குள் நுழைத்தார். "சுழி நிலைத்தது" என்று அறிவித்தது கருவி. அறிவிக்காமல் வேறென்ன செய்யும்? மாவட்டத்துக்கே அவர்தான் சுழியாளர், அதாவது ஏக்கத்தின் பூஜ்யத்துக்கு அளவுகோல். பீடியை ஒரு தடவைகூட உதட்டில் வைத்தறியாத மனிதர். அவருடைய நாடி எப்படி அடிக்கிறதோ, விரல் எப்படி வியர்க்கிறதோ, அதுதான் ஏக்கமே இல்லாத நிலை என்று அரசாணை போட்டுவிட்டார்கள். காலையில் அவர் விரல் வைத்தால் மாவட்டத்தின் நூற்றுப் பத்து அளவுக்கடைகளும் அன்றைக்கு அதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். பதினொரு வருடமாக ஒரு நாள் விடுப்பு இல்லை. மகள் கல்யாணத்தன்றுகூடப் பட்டு வேட்டியோடு வந்து விரலை வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனார்.

புகையிலை இப்போது அளவுக்கடையில் மட்டும்தான் கிடைக்கும். விரலை வைத்தால் சுழியாளரைவிட எவ்வளவு அதிகமாக ஏங்குகிறீர்கள் என்று கருவி எண் சொல்லும். நாற்பது என்றால் நாலு பீடி, இருபது என்றால் இரண்டு. ஒரு தடவை பத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் பீடி கிடையாது. ஆவுடையப்பன் வந்தபோது பட்டியலில் இருபதாயிரம் பேர் இருந்தார்கள். வருடா வருடம் எண்கள் சரிந்தன, பெயர்கள் உதிர்ந்தன. இன்றைக்கு மிச்சம் ஒரே ஒருவர். அவர் பெயரும் உதிர்ந்துவிட்டால் பதினொரு மணிக்கு அமைச்சர் வந்து 'புகையற்ற முதல் மாவட்டம்' என்ற பலகையைத் திறப்பார். ஒரு வாரமாக அந்தப் பலகையை நினைத்து நினைத்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஒருவர் ஜெபசிங். லாரி ஓட்டி ஓய்ந்தவர், வயது அறுபத்தெட்டு. போன மாதம் முப்பது, போன வாரம் பன்னிரண்டு. ஆவுடையப்பன் இருந்த அளவுக்கடையை நடத்தும் நஸ்ரின், உள்ளே வந்த அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. கை ஏன் இப்படி நடுங்குது?"

"நேத்து ஒரே ஒரு பீடிதானம்மா கெடச்சுது. ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட முழிச்சிருந்தேன்."

"அதெல்லாம் மனப்பிரமை வேய்!" என்று சிரித்தார் ஆவுடையப்பன். "விரல வையும். மெஷின் பொய் சொல்லாது."

ஜெபசிங் வைத்தார். திரையில் எண் வந்தது. ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

சுழிக்குக் கீழே பதினான்கு.

"போட்டாச்சு! முடிஞ்சுது!" அவர் மேஜையைத் தட்டினார். "நஸ்ரின், பேர எடு."

நஸ்ரின் எடுக்கவில்லை. "சுழிக்குக் கீழ எப்படி சார் போகும்? பீடியே குடிக்காத ஒங்களவிட இவருக்கு ஏக்கம் கம்மியா?"

"கம்மியா இருந்தா நல்லதுதானே!"

"சுழிக்குக் கீழ எண் வந்தா கடைக்காரங்களே விரல் வச்சு சரிபார்க்கணும்னு சட்டத்துல இருக்கு சார். நானும் பீடி தொட்டதில்ல." கையோடு தன் விரலை வைத்துச் சுழியை நிலைநிறுத்தினாள். ஜெபசிங் மறுபடி வைத்தார். ஐம்பத்திரண்டு.

"நான் சொல்லல?" என்றார் ஜெபசிங். "எனக்கு வேணும் வேணும்னுதான் இருக்கு. ஒங்க மெஷின்தான் வேண்டாம் வேண்டாம்னுச்சு. பேரு போனவனெல்லாம் பீடிய விட்டுட்டான்னா நெனைச்சீங்க? பாதிப் பேரு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால திருட்டு பீடி குடிக்கான்."

கருவி கெட்டுவிட்டது என்று காட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் ஆவுடையப்பன் தன் வலது விரலை உள்ளே விட்டார்.

அறுபத்தாறு.

ஏக்கமானி ஏக்கத்தை அளக்கும், எதற்கான ஏக்கம் என்று அதற்குத் தெரியாது. துறைக்கு இது முதலிலிருந்தே தெரியும். பீடிக்கடைக்கு வருகிறவன் வேறு எதற்கு ஏங்கப் போகிறான் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். சுழியாளரை அளந்து பார்க்கவோ யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு பெயர் உதிரும்போதும் அவருக்குள் ஒரு சுகம் ஊறியது. அடுத்த பெயர் எப்போது, அடுத்தது எப்போது என்று மனசு அலைந்தது. அவர் ஏற ஏற, ஊரே இறங்கியதாகக் கணக்கு காட்டியது கருவி.

வெளியே அமைச்சர் வண்டியின் சைரன் கேட்டது. மணி பதினொன்று ஆக ஐந்து நிமிடம். 'மீண்டும் சுழி வை' என்ற பொத்தான் இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தினால் போதும், அவரே மறுபடி சுழி ஆகிவிடுவார், பலகை ஏறிவிடும். வலது விரல் கருவிக்குள்ளேயே இருக்க, இடது கை பொத்தானை நோக்கி நகர்ந்தது. திரையில் எண் எழுபதானது. இன்னும் நகர்ந்தது. எழுபத்தொன்பது. எண்பத்தெட்டு.

"சார்," என்றார் ஜெபசிங். குரலில் கேலி இல்லை. "எனக்கு அம்பத்திரண்டுதான். பீடிப் பொட்டி கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, நான் கையக் கட்டிக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்."

கை அந்தரத்தில் நின்றது. ஆவுடையப்பனுக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. கையை இழுத்துக்கொள்ள அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கடைசியில் இழுத்துக்கொண்டார்.

எண் நாற்பதைத் தாண்டிய புதியவரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். கருவி எட்டு பீடியைத் தட்டில் தள்ளியது, கூடவே ஒரு படிவத்தையும் நீட்டியது. நஸ்ரின் பேனாவை எடுத்தாள். வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது, யாரோ மாலையோடு உள்ளே ஓடி வந்தார்கள்.

"பேரு எனக்குத் தெரியும் சார்," என்றாள் அவள், நிமிராமல். "அடுத்த கேள்வி, இந்தப் பழக்கம் எப்ப இருந்து?"

"வேலைல சேர்ந்த அன்னைல இருந்து," என்றார் ஆவுடையப்பன்.