ஆள் உயர மூட்டை

மூட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

மணலுக்கு ஏது சூடு? தூக்குப் போடுபவர் கையை எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தார். வெயிலில் கிடந்த மணலாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். தூக்குக்கு முந்தைய மாலை, கைதியின் எடைக்கு மணல் நிரப்பி, கழுத்து வைத்துக் கட்டிய ஆள் உயர மூட்டையைக் கயிற்றில் விட்டுப் பார்ப்பது சிறையில் வழக்கம். நிரப்புவதும் தைப்பதும் எப்போதும் அவர் தம்பிதான். இன்று காலையில் பார்த்தவனை அப்புறம் காணோம்.

வாரம் முழுக்க போனில் ஒரே குரல், "அவரைத் தொட்டா உன் வீட்ல ஒரு உசுரு போகும்" என்றது. மனைவியையும் மகளையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டார். தம்பி மட்டும், "பூச்சாண்டி காட்டுறானுங்கண்ணே" என்று சிரித்தபடி இங்கேயே இருந்துவிட்டான்.

"நானே நிரப்பி, தராசுல நிறுத்திட்டேண்ணே. எடை சரியா இருக்கு," என்றார் சிறைக்காவலர்.

எடை சரியென்றால் மூட்டையைப் பிரிப்பதில்லை. இந்தத் தொழிலில் அவர் நம்பியது தராசை மட்டும்தான். சாக்கின் புழுதி வாடைக்கு அடியில் ஏதோ ஆஸ்பத்திரி மருந்து நெடி அடித்தது. பலகைக்குக் கீழே குழியிலிருந்து ஈரக்காற்று ஏறியது. உள்ளே மணல் சரிவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டு நின்றது. சுருக்கை மாட்டினார்.

பக்கத்து அறையில்தான் கைதி இருந்தான். வேறு மதத்தார் வழிபட்ட கூடத்தை வெளியே பூட்டிவிட்டுக் குண்டு வைத்தவன். சின்னச் சின்னச் செருப்புகளைக் கூடையில் அள்ளினார்கள். நீதிமன்றத்தில் அவன் தலை குனியவே இல்லை.

"ஏண்ணே, அவர் செஞ்சது பயங்கரவாதம். நாளைக்கு நீங்க செய்யப்போறது?" என்றார் காவலர்.

"தண்டனை. கோர்ட்டு சொன்னது."

"அவருக்கும் மேல இருந்து ஒருத்தர் சொன்னாரு. அவரும் நிறைவேத்தினாரு."

"பச்சைக் குழந்தைங்கடா! வாயைக் கழுவு!"

கோபம் தலைக்கேறியது. நெம்புகோலை இழுத்தார்.

பலகை விலகியது. கயிறு விறைத்தது. மணல் மூட்டை தொப்பென்று நிற்கும். இது வேறு சத்தம். எலும்பு முறியும் சத்தம். அவருக்கு அது தெரியும்.

பின்னால் கதவின் தாழ் விழுந்தது.

"இப்ப நீங்க செஞ்சதுக்கு என்ன பேருண்ணே?" காவலர் அமைதியாகக் கேட்டார்.

தூக்குப் போடுபவர் குழிக்குள் குதித்தார். மூட்டை துள்ளியது. அடித்தையல் கிழிந்து மணல் கொட்டியது. பிறகு ஒரு கால். பெருவிரலில், காலையில் அவரே கட்டிவிட்ட துணிக்கட்டு.

"தம்பீ!"

இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு மேலே தூக்கினார். கயிறு தளரவேண்டும். மூச்சு வரவேண்டும். கண்ணெல்லாம் மணல். வாயெல்லாம் மணல். கால் அவர் நெஞ்சில் உதைத்தது. மறுபடி உதைத்தது. பிறகு கால்விரல்கள் மட்டும் அவர் சட்டையைப் பிறாண்டின.

அப்புறம் அதுவும் இல்லை. அவர் கால்களைக் கீழே விடவில்லை. தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.