ஈயக்குண்டில் ஒட்டியது

ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கிய ஈயக்குண்டு மேலே வந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது.

ஜெர்வாஸ் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். மார்ச் மாதக் கடல், விரல்களை மரத்துப்போகச் செய்கிற குளிர். குண்டு மட்டும், அதுவரை யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த மாதிரி இருந்தது. அதன் அடிக்குழியில் அப்பியிருந்த மாட்டுக்கொழுப்பில் மணலும் இல்லை, சிப்பியும் இல்லை. நக்கி எடுத்ததுபோல் சுத்தம்.

மூடுபனியில் மாலுமிக்குக் கண் எதற்கு? கொழுப்பில் ஒட்டிவரும் மண்தான் கண். வெண்மணல் வந்தால் நங்கூரம் போட்டுத் தப்பலாம். பாறை என்றால் போச்சு. வர்ஜீனியாவில் புகையிலை ஏற்றி ஊர் திரும்பும் அவர்கள் கப்பலின் அடிப்பலகை பிளந்து, உள்ளே இடுப்பளவு தண்ணீர் நின்றது. சொந்த ஊரான பிளிமத்தில் மனைவி டாமரிஸ் இந்நேரம் பெற்றிருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சாகக் கூடாது. அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியது.

"என்னடா வந்துச்சு?" பனிக்குள்ளிருந்து கப்பல் தலைவர் ஹாப்டே கேட்டார்.

"அடி தட்டுது ஐயா. மண்ணுதான் ஒட்டல."

"பொண்டாட்டி நெனப்புல கொழுப்புத் தடவ மறந்திருப்பான்," என்றான் நீர் இறைத்துக்கொண்டிருந்த டோபியாஸ். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பில் உயிரே இல்லை.

புதுக் கொழுப்பை அப்பி, குண்டைச் சுழற்றி வீசினான். கயிறு ஈரமாக உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. கீழே நீர் இறைக்கும் எந்திரம் மூச்சிரைக்கிறவன்போல் இழுத்து இழுத்து முனகியது. நனைந்து ஊறிய புகையிலையின் புளித்த நாற்றம் பலகை இடுக்குகளில் கசிந்து தொண்டையை அடைத்தது. முன்னைவிட ஆழம் குறைந்திருந்தது. கை மாற்றிக் கை மாற்றி இழுத்தான்.

கொழுப்பில் நீளமாக ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது.

பாசி, என்று சொல்லிக்கொண்டான். முடியைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி வீசினான். இழுக்கும்போது கயிறு ஒரு கணம் நின்றது. பிறகு விட்டுக்கொடுத்தது.

கொழுப்பில் பல் தடம். மேல்வரிசை, கீழ்வரிசை. மனிதப் பல்.

"ஐயா, என்னால முடியாது. வேற ஆளப் போடுங்க."

"அத்தன பேரும் தண்ணி எறைக்கிறானுங்க. நீ போடலேன்னா எல்லாரும் சாவோம். மணலா, பாறையா? அத மட்டும் சொல்லு."

இன்னொரு முறை அந்தக் கயிற்றைக் கீழே விட அவனால் முடியாது. செத்தாலும் முடியாது.

"வெண்மணல்," என்றான் ஜெர்வாஸ்.

நங்கூரம் விழுந்தது. உடனே பிடித்தது. நங்கூர வடம் விறைத்தது, கப்பல் குலுங்கி நின்றது. டோபியாஸ் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். "பொழச்சோம்டா மச்சான், ஊர் போய்ச் சேர்ந்துருவோம்!" ஜெர்வாஸும் அழுதான். பொய்யே மெய்யாகிவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பினான்.

அப்போது முன்பக்கம் தாழ்ந்தது. கொஞ்சம்தான்.

அலை என்றார்கள். அலை இல்லை. கடல் எண்ணெய்போல் கிடந்தது.

மறுபடி தாழ்ந்தது. நின்றது.

ஜெர்வாஸ் வடத்தின் மேல் கை வைத்தான். ஓர் இழுப்பு. ஒரு நிறுத்தம். ஓர் இழுப்பு. அந்தத் தாளம் அவன் கைகளுக்குத் தெரியும்.

கீழே எதுவோ, கை மாற்றிக் கை மாற்றி, நிதானமாக அவர்களை இழுத்துக்கொண்டிருந்தது.