இடது பின்கதவு

அன்று ஷெட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: கார்களுக்குப் பாலிஷ் போடும் பெரியவர், அவருடைய தம்பி, பெரியவரின் ஒரே மகள். வண்டியைக் கொண்டுவந்து விட்ட ஆசிரியர் காலை பத்து மணிக்கே போய்விட்டதால் அவரைச் சேர்க்க முடியாது. தானும் அங்கே இருந்ததாகப் பக்கத்து டயர் கடைக்காரர் சொல்லிக்கொள்கிறார். அவர் கடை அன்று பூட்டிக் கிடந்தது.

ஆசிரியர் வண்டியைச் சுற்றிக் காட்டியபோதே பெரியவருக்கு ஒன்று உறுத்தியது. மற்ற மூன்று பக்கமும் தகரத்தைத் தட்டிக்கொண்டே வந்தவர், இடது பக்கம் வந்ததும் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டடி விலகி நடந்தார்.

"எல்லாம் பண்ணிடுங்க. இந்தப் பின்கதவ மட்டும் விட்டுடுங்க."

"ஏன் சார், கதவ மாத்தப் போறீங்களா?"

"இல்ல. எனக்கு வித்தவர் அப்படிச் சொல்லித்தான் சாவியக் குடுத்தார். தேய்க்காம இருந்தா ஒண்ணுமில்லன்னார்."

"யாருக்கு ஒண்ணுமில்ல?"

ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்றார். போய்விட்டார்.

வண்டி ஒரு காலத்தில் கருநீலமாக இருந்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் வெயிலில் நின்று, யாரும் துடைக்காமல், மேலெல்லாம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. விரலால் இழுத்தால் மாவு ஒட்டியது. பெரியவருக்கு இது புதிதல்ல. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்கு இதுதான் தொழில். பழைய பெயின்ட்டின் மேலே செத்துப்போன ஒரு படலம் கிடக்கும். அதை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டால் கீழே உயிருள்ள நிறம் காத்திருக்கும். எடுக்கும்போது துணியில் வண்டியின் நிறம் இறங்கும். சிவப்பு வண்டிக்குச் சிவப்பு, பச்சை வண்டிக்குப் பச்சை. அந்தத் துணியைப் பார்த்தே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார். மெஷினை நம்பமாட்டார். துணியை நம்புவார்.

நாலு மணிக்குள் கூரை, பானெட், மற்றக் கதவுகள் எல்லாம் முடிந்துவிட்டன. வேஸ்ட் துணிகள் நீலநீலமாகத் தரையில் குவிந்து கிடந்தன. பானெட்டில் டியூப்லைட் நீளமாகப் படுத்திருந்தது. இடது பின்கதவு மட்டும் பூ விழுந்த கண்ணைப் போல வெளுத்து நின்றது. எங்கே நின்று பார்த்தாலும் கண் அங்கேதான் போனது.

"வாத்தியார் சொன்னபடி விட்டுடலாம்ணா," என்றார் தம்பி. "சின்ன வயசுல வாத்தியார் பேச்சக் கேக்காமதான் இப்படித் துணியும் கையுமா நிக்கிறோம்."

"ரோட்டுல பாக்கறவன் வாத்தியார் சொன்னாருன்னா நினைப்பான்? எவன்டா தேச்சான்னு கேப்பான். நம்ம பேரச் சொல்லுவான்."

"கதவு மேல நம்ம பேரா எழுதியிருக்கு?"

"எழுத வேண்டியதில்ல."

மகள் சிரித்தாள். "சித்தப்பா, விடுங்க. அப்பாவுக்கு இன்னிக்கு ராத்திரி தூக்கம் வரணுமில்ல."

அந்தக் கதவின் விளிம்பில் பெயின்ட் மெலிந்திருந்தது. மெஷின் வைத்தால் ஒரே நிமிஷத்தில் அடிப்பூச்சான பிரைமர் தெரிந்துவிடும். கையால்தான் தேய்க்க வேண்டும். கை என்றால் அந்த ஷெட்டில் மகளின் கைதான். பெரியவர் இதை யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அவள் தேய்த்த இடத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். புதுத் துணி ஒன்றை மடித்து, காம்பவுண்ட் தொட்டு அவளிடம் கொடுத்தார்.

அவள் முன்ஓரத்திலிருந்து தொடங்கினாள். தம்பி டீ வாங்கி வரத் தூக்குப் பாத்திரத்தோடு கிளம்பினார். ஷெட்டுக்குள் துணி உரசும் ஓசை மட்டும் இருந்தது. சின்னச் சின்ன வட்டங்களாக, நிதானமாக, தூங்குகிறவர் மூச்சு விடுவதைப் போல. காம்பவுண்டின் மண்ணெண்ணெய் வாடையோடு இன்னொரு வாடை கலந்து வந்ததைப் பெரியவர் கவனித்தார். வெயிலில் விளையாடிவிட்டு வரும் குழந்தையின் உச்சந்தலையில் வருமே, அந்த வாடை. எங்கிருந்து வருகிறது என்று அவர் திரும்பிப் பார்த்தபோதுதான் துணி கண்ணில் பட்டது.

துணியில் நீலம் இல்லை. மாநிறமாக இருந்தது.

"நிறுத்தும்மா. பிரைமர் வந்துடுச்சு."

"வரலப்பா. பாருங்க."

குனிந்து பார்த்தார். கதவு நீலமாகத்தான் இருந்தது. அன்று முடித்த எந்த இடத்திலும் இல்லாத ஆழமான நீலம். எட்டிப் பார்த்தால் உள்ளே விழுந்துவிடலாம் போல இருந்தது. பிரைமர் இல்லை. விளிம்பு தேயவில்லை. துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மாநிறம்தான். ஏதோ பழைய அழுக்கு, முன்னால் வைத்திருந்தவன் பூசிய மெழுகு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துணியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அவள் தேய்த்தாள். கதவின் பாதி தெளிந்தது. அதில் அவள் முகம் வந்தது. மஞ்சள் சட்டை வந்தது. எல்லாம் துலக்கமாக, நேரில் இருப்பதைவிடத் துலக்கமாக.

"புறங்கையெல்லாம் தூசி," என்றார்.

"ஆமாப்பா. துடைச்சா போகல."

மணிக்கட்டு வரை வெளுத்திருந்தது. காம்பவுண்ட் காய்ந்தால் அப்படித்தான் படியும். முழங்கை வரைக்கும் படியாது. அவர் முழங்கையைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். காதோரத்து முடியைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த நீலத் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உரசும் ஓசை நிற்கவில்லை.

ஒரு சாண் இடம் பாக்கி இருந்தது. கைப்பிடிக்குக் கீழே, பின்சக்கரத்தின் பக்கமாக, சாம்பல் நிறத்தில் ஒரு சாண். தெளிந்த இடமும் தெளியாத இடமும் சேரும் இடத்தில் கத்தியால் கிழித்தது போல ஒரு கோடு.

அவள் கையை எடுக்காமல் கேட்டாள். குரல் மங்கியிருந்தது, அடுத்த அறையிலிருந்து பேசுவது போல.

"நிறுத்தட்டுமாப்பா?"

அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன தெரிந்தது என்று வார்த்தையில் சொல்ல முடியாது, ஆனால் தெரிந்துவிட்டது. நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். அந்தக் கோட்டோடு வண்டி தெருவில் போவதைப் பார்த்தார். பாதியில் விட்டவர்கள் என்று ஆட்கள் பேசுவது காதில் விழுந்தது.

"ஒரு சாண்தானே," என்றார். "முடிச்சிடு."

அவள் முடித்தாள்.

தூக்குப் பாத்திரத்தோடு திரும்பி வந்த தம்பி வாசலிலேயே நின்றார். "அண்ணா," என்றார். "அண்ணா, அவளைப் பாருங்க."

அவர் கதவைப் பார்த்தார். கதவில் மகள் இருந்தாள். மாநிற முகம், கறுத்த முடி, மஞ்சள் சட்டை, ஒன்றும் குறையவில்லை. அவள் தலையைத் திருப்பினாள். இவரைப் பார்த்தாள். வாய் அசைந்தது.

கதவுக்கு முன்னால் நின்றவள் தலையைத் திருப்பவில்லை. தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூத்திருந்தாள். சட்டைகூட. கண்கூட. துணி பிடித்த கை தூக்கியபடியே நின்றது.

தம்பியின் கையிலிருந்து பாத்திரம் விழுந்தது. டீ தரையில் ஓடி நீலத் துணிகளை நனைத்தது.

பெரியவருக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். அதைச் செய்தார். இருப்பதிலேயே மென்மையான துணியை எடுத்தார். தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். மகளின் புறங்கையில் வைத்து, சின்ன வட்டமாக, அழுத்தாமல் தேய்த்தார். மேல்படலம் செத்தது. கீழே நிறம் இருக்கும். எப்போதும் இருக்கும்.

துணியில் வெள்ளை வந்தது.

வேறு துணி. வெள்ளை.

வேறு துணி. வெள்ளை. கையின் கீழே மாவு கொட்டியது. வெள்ளைக்குக் கீழே வெள்ளை. விரல் மெலிந்துகொண்டே வந்தது. நகம் இருந்த இடம் வழவழப்பாகிவிட்டது.

"போதும்ணா," என்று தம்பி அழுதார். "விட்டுடுங்க, தேய்ஞ்சு போறா. கைய எடுங்கண்ணா."

கையை எடுத்தார்.

பின்னால் கதவிலிருந்து ஓசை வந்தது. தகரத்தின் உட்புறத்தில் உள்ளங்கையால் தட்டும் ஓசை. நிதானமாகத்தான் தட்டினாள். பதற்றப்படுகிற பெண் அல்ல.

மறுநாள் ஆசிரியர் வந்தார். வாசலிலிருந்தே கதவின் பளபளப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சாவியைக் கேட்கவில்லை. தம்பி வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது ஷெட்டின் ஜன்னல்களெல்லாம் உள்பக்கமாகப் பலகை வைத்து அடைக்கப்பட்டிருக்கின்றன. காற்று வந்தால் அவள் தோளிலிருந்து மாவு பறக்கிறது. பெரியவர் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார், இரண்டையும் தொடுவதில்லை. கதவும் இப்போது ஓரங்களில் மங்கத் தொடங்கியிருக்கிறது. சாம்பல் நாளுக்கு ஒரு விரற்கடை உள்ளே வருகிறது. நடுவில் எஞ்சியிருக்கும் நீலத்தில் அவள் முகம் மட்டும் தெரிகிறது. தட்டும் ஓசையும் குறைந்துவிட்டது.

அவள் யாரோ ஒருவனோடு பஸ் ஏறிப் போய்விட்டாள், அப்பாவும் சித்தப்பாவும் அதை மூடி மறைக்கிறார்கள் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அந்த வீட்டுப் பெண் யாரோடும் போகவில்லை. ஷெட்டை விட்டு ஒரு அடிகூட அவள் நகரவில்லை.