தானாக மடங்கிய கால்

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கியபடி பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். கீழே நின்று கயிற்றைப் பிடிப்பது தம்பி. ஒரு நாள் கயிறு கைவிட்டது. மார்புக்குக் கீழே எந்த உணர்வும் இல்லாமல் இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தம்பியின் வீடு இரண்டாவது மாடி. "நானே தூக்கிட்டுப் போறேண்ணே" என்று சொல்லியிருந்தான்.

சாயங்காலம் நர்ஸ் வந்து சின்னச் சுத்தியலின் காம்பால் உள்ளங்காலைக் கீறினாள். செத்துப்போனதாக அவர் நினைத்திருந்த கால் வெடுக்கென்று மடங்கியது. அவர் முகம் மலர்ந்தது. அவள் பக்குவமாகச் சொன்னாள். இது குணமாவதன் அறிகுறி இல்லை. மூளைக்குச் சேதி போகாவிட்டாலும் தண்டுவடமே தசையை இழுத்து, ஆபத்திலிருந்து காலை விலக்கிவிடும். சூடு பட்ட கை, மனசுக்குத் தெரியும் முன்பே விலகுவதும் அப்படித்தானாம்.

"ஆனா ஏதாவது பட்டாத்தான் இழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வார்டு அடங்கியது. மருந்து வாடைக்கு நடுவே எங்கிருந்தோ ஈரக் கயிற்றின் வாடை.

கால் மடங்கியது.

யாரும் தொடவில்லை.

அப்புறம்தான் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி வந்தான். நேற்றும் அவன் வரும் முன்பே கால் பக்கம் போர்வை அசைந்தது, காற்று என்று நினைத்திருந்தார்.

பேச்சோடு பேச்சாக நர்ஸ் சொன்னதை அவர் சொன்னார். தம்பி அதை லபக்கென்று பிடித்துக்கொண்டான்.

"அதேதாண்ணே. கயிறு உள்ளங்கையைச் சுட்டுச்சு. கை தானா விட்டுடுச்சு."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முடிச்சு அவிழ்ந்தது என்றல்லவா அழுதான்? அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேலே போகிறவர்தான் கீழே நிற்பவருக்குத் தோல் கிளவுஸ் மாட்டிவிடுவார். என் உயிர் உன் கையில் என்பதுதான் அதன் அர்த்தம். அன்றைக்கும் கிளவுஸின் மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டது அவர்தான்.

"கையைக் காட்டுடா."

உள்ளங்கை வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"நான்தானே கிளவுஸ் மாட்டிவிட்டேன். எப்படிடா சுட்டுச்சு?"

தம்பி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பிறகு கிசுகிசுத்தான்.

"நீ இருக்கிற வரைக்கும் நான் கயிறு பிடிக்கிறவன்தானேண்ணே."

தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவருக்குக் கோபம்கூட வரவில்லை, மனசு விட்டுப்போயிற்று. இந்த உலகத்தில் அவர் பக்கம் நின்றது அந்த உணர்வற்ற கால் மட்டும்தான்.

"போயிடு. இனிமே என்னைத் தொடாதே."

அவன் ஓடினான். படிக்கட்டுப் பக்கம் என்னவோ உருண்டது. பிறகு கூச்சல்.

நர்ஸ் வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. தம்பி தவறி விழுந்துவிட்டான், உயிர் போய்விட்டது என்றாள். "கைப்பிடியைப் பிடிச்சாருண்ணே. பிடிச்ச கையை ஏன் விட்டாருன்னுதான் தெரியலை."

அவர் அழுதார். துரோகிக்காகவா, தம்பிக்காகவா என்று அவருக்கே புரியவில்லை. அவள் ஒரு விளக்கை மட்டும் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஈரக் கயிற்றின் வாடை.

கால் மடங்கியது.

வராந்தாவில் செருப்புச் சத்தம் இல்லை. கதவும் திறக்கவில்லை.

முழங்காலருகே போர்வை மெல்லக் குழிந்தது. தடித்த ஐந்து விரல்கள். கிளவுஸ் போட்ட விரல்கள். அங்கே அவருக்கு உணர்வே கிடையாது, பார்க்க மட்டும்தான் முடிந்தது.

இரண்டு கால்களும் மெத்தையை விட்டு, பதமாக, மேலே எழுந்தன.